சமையல் மேடையில் ஒரு டிக் டிக்

(ஒலியில் பேசியதைப் படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பெங்களூர்ல வேலையை முடிச்சிட்டு ஊருக்கு பஸ்ல வந்துக்கிட்டு இருந்தேன். ஓசூர் தாண்டும்போது அம்மா போன் பண்ணாங்க.

"தம்பி, கல்லு உடைக்கிற ஆள் ஒருத்தர் நம்பர் வாங்கி வச்சிருக்கேன். நாளைக்கு வரச் சொல்லிடவா?"

"எந்தக் கல்லும்மா?"

"சமையல் மேடைக் கல்லுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்த மேடை எங்க வீட்டுல சாதாரண விஷயம் இல்ல. தர்மபுரி பக்கத்துல நாங்க வீடு கட்டினப்ப, அம்மா தனக்குன்னு கேட்டது அது ஒண்ணுதான். கறுப்பு கிரானைட், பளபளன்னு, முகம் பார்க்கிற மாதிரி இருக்கணும். நான் வேலைக்குச் சேர்ந்து வாங்கின முதல் சில மாசச் சம்பளம் அதுக்குத்தான் போச்சு.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் போனை நீட்டினாங்க. வாட்ஸ்ஆப்ல வந்த ஒரு வீடியோ. வெள்ளை கோட் போட்ட ஒருத்தர், கிரானைட் கல்லுல இருந்து கதிர்வீச்சு வருது, அதுமேல சமைச்சா கேன்சர் வரும்னு அடிச்சுப் பேசறார். சிரிச்சிட்டு ஃபார்வர்டை அழிக்கச் சொல்லியிருக்கலாம். ஆனா எங்க வீட்டு நிலைமை வேற. பெரியம்மா எங்களோடதான் இருக்காங்க. போன வருஷம் அவங்களுக்கு மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சு, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிஞ்சு இப்பதான் தேறி வர்றாங்க. அந்த மேடை முன்னாடி தினமும் நின்னு சமைச்சது அம்மாவும் பெரியம்மாவும்தான்.

பெரியம்மா தூங்கின பிறகு அம்மா மெதுவா சொன்னாங்க: "நான்தான்டா அந்தக் கல்லு வேணும்னு அடம் பிடிச்சேன்."

இன்னைக்கு எபிசோடு அந்த ஒரு வரிக்காகத்தான்.

கல்லுகிட்ட போகறதுக்கு முன்னாடியே

என் ஆபீஸ்ல எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடிச்ச நண்பன் ஒருத்தன் இருக்கான். கைகர் கவுண்டர் ஒண்ணை கிட்டா வாங்கி, அவனே சால்டர் பண்ணி வச்சிருந்தான். கல்லு உடைக்கிறவரை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லிட்டு, அடுத்த சனிக்கிழமை அதைக் கடன் வாங்கி எடுத்துக்கிட்டு வந்தேன்.

இந்த மீட்டர் வேலை செய்யறது ரொம்ப எளிமை. உள்ள ஒரு சின்னக் குழாய். அதுல கொஞ்சம் வாயு, சில நூறு வோல்ட் மின்னழுத்தம். வெளியில இருந்து ஒரு கதிர் உள்ள புகுந்தா, வாயு அணுக்கள்ல இருந்து எலக்ட்ரானைத் தட்டி விடும். உடனே ஒரு மின் துடிப்பு, நமக்கு ஒரு 'டிக்'. நம்ம கண்ணு, காது, மூக்கு எதுக்கும் தெரியாத விஷயத்தை, ஒவ்வொண்ணா எண்ணிச் சொல்ற கருவி.

ஹாலில் சோஃபா மேல வச்சு ஆன் பண்ணினேன். டிக்... டிக் டிக்... டிக். நிமிஷத்துக்கு ஏறத்தாழ 20.

அம்மா முகம் மாறிடுச்சு. "கல்லு சமையல் ரூம்ல இருக்கு. இங்க ஏன்டா சத்தம் வருது?"

இதைவிட நல்ல கேள்வியை யாரும் கேட்க முடியாது. வாசலுக்குக் கொண்டு போனோம், சத்தம் வந்துச்சு. மொட்டை மாடிக்குப் போனோம், அங்கயும். மல்லிகைச் செடிப் பக்கம், பைக் சீட் மேல, சாமி ரூம்ல, எங்கயும் அது நிக்கல.

நான் ஆபீஸ்ல ஆன்-கால் பார்க்கிறவன். ராத்திரி 2 மணிக்கு அலர்ட் அடிச்சா எழுந்து லேப்டாப் திறக்கணும். அந்த வேலையில முதல்ல கத்துக்கிற பாடம், சாதாரண நாள்ல சிஸ்டம் எப்படி இருக்கும்னு தெரியாம அலர்ட் வைக்கக் கூடாது. பேஸ்லைன் தெரியலைன்னா எல்லாமே ஆபத்தாத்தான் தெரியும். இல்லைன்னா நிஜ ஆபத்து வர்றப்ப ஒண்ணுமே தெரியாது. கதிர்வீச்சு விஷயத்துல நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த பேஸ்லைன் தெரியாது. சரி, கல்லு இல்லாத இடத்துல டிக் எங்க இருந்து வருது?

காலுக்குக் கீழ

முதல் பதில், தரை. தர்மபுரிக்காரங்களுக்குப் பாறையைப் பத்திச் சொல்லத் தேவையில்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கரடு நிக்கும். போர் போடுறவங்க கொஞ்ச அடியிலேயே பாறை தட்டிடுச்சும்பாங்க.

பூமி உருவானப்பவே அதோட கலந்து வந்த கதிரியக்கத் தனிமங்கள்ல முக்கியமான மூணு இன்னும் தீரல. யுரேனியம்-238, பாதியாகக் குறைய 447 கோடி வருஷம் எடுத்துக்கும். ஏறத்தாழ பூமியோட வயசு. தோரியம்-232-க்கு 1,400 கோடி வருஷம். பொட்டாசியம்-40-க்கு 125 கோடி வருஷம். பூமிக்கு 454 கோடி வயசு ஆனாலும் கஜானா இன்னும் காலியாகல.

இதுல கிரானைட்டோட பங்கு என்னன்னா, யுரேனியமும் தோரியமும் பூமியோட ஆழத்துல இருக்கிற கனிமங்களோட கட்டமைப்புல சரியாப் பொருந்தாது. பாறை உருகும்போது அந்தக் குழம்போட சேர்ந்து மேல வந்துடும். திரும்பத் திரும்ப உருகி, கடைசியா மேல வந்து உறையற பாறைகள்ல கிரானைட்டும் ஒண்ணு. அதனால அதுல இந்தத் தனிமங்கள் மற்றப் பல பாறைகளைவிடக் கொஞ்சம் கூடுதலா இருக்கும்.

அப்படின்னா வீடியோல சொன்னது சரிதானே? பாதி சரி. அளந்து பார்த்தோம். இங்க ஒரு சின்ன விஷயம்: ஒரு நிமிஷக் கணக்கை நம்பக் கூடாது. அணு எப்ப சிதையும்னு யாராலயும் சொல்ல முடியாது, அது தற்செயல். ஒரு நிமிஷம் 14 வரும், அடுத்த நிமிஷம் 27 வரும். ரெண்டாவது எண்ணை மட்டும் படம் பிடிச்சுப் போட்டா அதுவே ஒரு வைரல் வீடியோ. அதனால ஒவ்வொரு இடத்துலயும் பத்து நிமிஷம் வச்சோம். ஹால்ல 200-ஐ ஒட்டி. 200 எண்ணினா, அதோட வர்க்கமூலம் அளவுக்கு, அதாவது 14 கூடக் குறைய இருக்கிறது இயல்பு.

அம்மாவோட கறுப்பு மேடை மேல வச்சோம். ஹால் அளவைவிட ஒண்ணு ரெண்டு குறைவாவே வந்துச்சு, அந்த 14-க்குள்ள. அதாவது வித்தியாசமே இல்ல.

அப்புறம் கொல்லைப்புறத்துல துணி துவைக்கிற கல். தாத்தா காலத்துல இருந்து கிடக்கிற சாம்பல் நிறக் கல், நடுவுல இளஞ்சிவப்புக் கோடு ஓடும். அதுமேல 300-ஐ நெருங்கிச்சு. அது நிஜமான வித்தியாசம்.

காரணம் சுவாரசியமானது. கடையில 'கறுப்பு கிரானைட்'னு விக்கிற கல்லுல பெரும்பாலானது, புவியியல்படி கிரானைட்டே இல்ல. டோலரைட் மாதிரியான வேற வகை எரிமலைக் குழம்புப் பாறை. அதுல யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் குறைவு. கிரானைட்னா கதிர்வீச்சுன்னு பயந்த எங்க வீட்டுல, கிரானைட்னு பேர் வச்ச கல்லைவிட, யாரும் கண்டுக்காத துவைக்கிற கல்தான் கூடுதலா டிக் அடிச்சுது. ஆயா அதுமேல ஐம்பது வருஷம் துணி துவைச்சாங்க.

இன்னொண்ணும் சொல்லணும். நாம மீன் சாப்பிடப் போற ஒகேனக்கல்ல கார்பனடைட்னு ஒரு அபூர்வமான பாறை இருக்கு. அதோட வயசு சுமார் 240 கோடி வருஷம். அது எப்படித் தெரியும்? அதுல இருக்கிற ருபிடியம் மெதுவா ஸ்ட்ரான்ஷியமா மாறிக்கிட்டு இருக்கு. எவ்வளவு மாறியிருக்குன்னு அளந்து வயசைக் கண்டுபிடிச்சாங்க. அந்த மாற்றமும் கதிரியக்கம்தான். வீடியோக்காரர் பயமுறுத்தற அதே விஷயம்தான் பாறைக்குப் பிறந்த தேதி சொல்லுது.

தலைக்கு மேல

ரெண்டாவது பதில், வானம். 1912 ஆகஸ்ட் 7 அன்னைக்கு ஆஸ்திரியாக்காரர் விக்டர் ஹெஸ், கதிர்வீச்சு அளக்கிற கருவிகளோட ஒரு பலூன்ல 5,000 மீட்டருக்கு மேல போனார். அப்ப எல்லாரும் நினைச்சது, கதிர்வீச்சு தரையில இருந்து மட்டும்தான் வருது, மேல போகப் போகக் குறையணும். முதல்ல கொஞ்சம் குறைஞ்சுது. அப்புறம் ஏற ஆரம்பிச்சு, உச்சத்துல தரையில இருந்ததைப் போல ஏறத்தாழ ரெண்டு மடங்கு. விண்வெளியில இருந்து ஏதோ பொழியுது. அதுதான் காஸ்மிக் கதிர். அதுக்காக அவருக்கு 1936-ல நோபல் கிடைச்சுது.

இப்ப இதைப் படிக்கிற உங்க உள்ளங்கை வழியா, ஏறத்தாழ நொடிக்கு ஒரு மியூவான் துகள் ஊடுருவிப் போய்க்கிட்டு இருக்கு. கூரை, மாடி எதுவும் அதை நிறுத்தாது.

எவ்வளவு ஆழம் போனா நிறுத்தலாம்? அதுக்குப் பதில் கிடைச்ச இடங்கள்ல ஒண்ணு நமக்குப் பக்கத்து வீடு மாதிரி: கோலார் தங்க வயல். நம்ம சேலம், வட ஆற்காடு பக்கத்துல இருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் போய்ப் பாறையை உடைச்ச சுரங்கம். டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் அந்தச் சுரங்கத்துல கீழ கீழ இறங்கி மியூவான்களை எண்ணினாங்க. ரெண்டு கிலோமீட்டருக்கும் கீழ, வாரக்கணக்கில காத்திருந்தும் வானத்துல இருந்து நேரா வர்ற மியூவான் சிக்கல. அவ்வளவு அமைதியான இடம்னா, வேற எதையும்விட நழுவிப் போற நியூட்ரினோவைப் பிடிக்கலாமேன்னு முயற்சி பண்ணி, 1965-ல வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு பண்ணாங்க. உலகத்துல முதல்முதலா அதைப் பார்த்த ரெண்டு இடங்கள்ல ஒண்ணு கோலார், இன்னொண்ணு தென்னாப்பிரிக்கச் சுரங்கம். அதே 1965-லதான் சேலத்துல இருந்து பிரிஞ்சு தர்மபுரி தனி மாவட்டம் ஆச்சு.

என் தொழிலுக்கும் இந்தத் துகள்களுக்கும் சண்டை உண்டு. 2003-ல பெல்ஜியத்துல ஸ்கார்பீக்ங்கிற இடத்துல மின்னணு வாக்கு எண்ணிக்கை. ஒரு வேட்பாளருக்கு, கணக்குப்படி வரவே முடியாத அளவு ஓட்டு. மறுபடி எண்ணினா சரியா 4,096 ஓட்டு கூடுதல். புரோகிராமர்களுக்குச் சட்டுன்னு மணி அடிக்கும்: 4,096-ன்னா 2-இன் 12-ஆம் அடுக்கு. நினைவகத்துல ஒரே ஒரு பிட் 0-ல இருந்து 1-க்கு மாறியிருக்கு. மென்பொருள்ல தப்பு எதுவும் கிடைக்கல. காஸ்மிக் கதிர் ஒண்ணு இடிச்சிருக்கலாம்ங்கிறதுதான் எஞ்சின விளக்கம். சர்வர்கள்ல தவறு திருத்தும் நினைவகம் போடறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

தோலுக்கு உள்ள

மூணாவது பதிலைச் சொன்னப்ப அம்மா நம்பல. "உனக்குள்ளயும் எனக்குள்ளயும் இருக்கும்மா."

பொட்டாசியம் இல்லாம இதயம் துடிக்காது, நரம்பு வேலை செய்யாது. இயற்கையில இருக்கிற பொட்டாசியத்துல பத்தாயிரத்துல ஒரு பங்குக்குச் சற்று அதிகமா பொட்டாசியம்-40. வாழைப்பழம், இளநீர், கீரை, நம்ம கேழ்வரகுக் களி, எதுல பொட்டாசியம் இருந்தாலும் இதுவும் உண்டு. 70 கிலோ எடையுள்ள ஒருத்தர் உடம்புல, இந்தப் பொட்டாசியத்தால மட்டும் நொடிக்கு சுமார் 4,000 அணு சிதைவு நடக்குது. கார்பன்-14 தனியா நொடிக்கு 3,000-க்கு மேல.

உடனே வாழைப்பழத்தை விட்டுடாதீங்க. உடம்பு பொட்டாசியத்தை ஒரே அளவுல வச்சிருக்கும். கூடுதலா சாப்பிட்டா கூடுதலை வெளியேத்திடும். பக்கத்துல படுத்துத் தூங்கற குழந்தைகிட்ட இருந்துகூட நமக்கு ஒரு துளி கதிர்வீச்சு வரும். அதுக்காக யாராவது குழந்தையைத் தள்ளிப் படுக்க வைப்போமா?

மூச்சில

நாலாவது பதில்தான் கணக்குல பெரிசு. காத்து.

பாறையில இருக்கிற யுரேனியம் படிப்படியா மாறி ரேடியம் ஆகும். ரேடியம் சிதைஞ்சா ரேடான்னு ஒரு வாயு. நிறம் இல்ல, மணம் இல்ல. வாயுங்கிறதால மண்ணுல இருக்கிற இடுக்கு, தரையில இருக்கிற வெடிப்பு வழியா மேல வந்துடும். வெளியில வந்தா காத்தோட கலைஞ்சு போயிடும். மூடின வீட்டுக்குள்ள வந்தா தங்கிடும். அதோட வாரிசுகள் தூசியில ஒட்டி, மூச்சு வழியா நுரையீரல்ல போய் உட்காரும்.

1984-ல அமெரிக்காவுல, பென்சில்வேனியாவுல லிமெரிக் அணுமின் நிலையம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. அங்க வேலை பார்த்த பொறியாளர் ஸ்டான்லி வாட்ரஸ் கதிர்வீச்சுச் சோதனைக் கதவைத் தாண்டினா தினமும் அலாரம் அடிச்சுது. ஆனா நிலையம் இன்னும் ஓட ஆரம்பிக்கவே இல்ல! ஒருநாள் அவர் வேலைக்கு வந்ததும், உள்ள போகாம நேரா சோதனைக் கருவிகிட்ட போய் நின்னார். அப்பவும் அடிச்சுது. கதிரியக்கத்தை அவர் நிலையத்துல இருந்து வீட்டுக்குக் கொண்டு போகல, வீட்டுல இருந்து நிலையத்துக்குக் கொண்டு வந்திருக்கார். வீட்டுல ரேடான் அளந்தா, அமெரிக்காவுல நடவடிக்கை எடுக்கணும்னு சொல்ற அளவைவிட 600 மடங்குக்கு மேல.

ரெண்டு வருஷம் கழிச்சு, 1986 ஏப்ரல் 28, ஸ்வீடன்ல ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்துல இதே மாதிரி ஒரு ஊழியரோட காலணி அலாரம் அடிக்க வச்சுது. அந்தத் தடவை காரணம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால வெடிச்ச செர்னோபில். அலாரம் ஒண்ணுதான், அர்த்தம் வேற வேற. பேஸ்லைனை அளந்து வச்சிருந்ததாலதான் ரெண்டுமே வெளிய வந்துச்சு.

ரேடான் விளையாட்டு இல்ல. புகைபிடிக்கிறதுக்கு அடுத்தபடியா நுரையீரல் புற்றுநோய்க்கு முக்கியமான காரணங்கள்ல ஒண்ணுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. புகைபிடிக்கிறவங்களுக்கு ஆபத்து பல மடங்கு. நல்ல செய்தி என்னன்னா, இந்த நாலுல நம்ம கையில இருக்கிறது இது ஒண்ணுதான். ஜன்னலைத் திறங்க. தரையில வெடிப்பு இருந்தா அடைங்க. காத்தோட்டமா இருக்கிற நம்ம ஊர் வீடுகள்ல பொதுவா இது சேராது. நாள் முழுக்க ஏசி போட்டு மூடி வைக்கிற தரைத்தள அறையில இருக்கிறவங்க, காலையில அரை மணி நேரமாவது காத்து வர விடுங்க.

எவ்வளவு?

இப்ப கணக்கு. கதிர்வீச்சு உடம்புல எவ்வளவு பாதிப்புக்கு வாய்ப்பு தருதுங்கிறதை மில்லி சீவர்ட்னு ஒரு அலகுல சொல்லுவாங்க. ஐ.நா.வோட அறிவியல் குழு கணக்குப்படி, உலகத்துல ஒருத்தருக்கு இயற்கையில இருந்து மட்டும் வருஷத்துக்கு சராசரியா 2.4 மில்லி சீவர்ட். அதுல பாதிக்கு மேல, 1.26, மூச்சுல போற ரேடான் வகைகள். தரையும் கட்டடமும் 0.48. வானம் 0.39. சாப்பாடும் தண்ணியும் 0.29. உலகத்துல இருக்கிற அணுமின் நிலையங்களோட சராசரிப் பங்கு 0.0002. விபத்து நடந்த ஊர்க்காரங்களுக்கு இந்தச் சராசரி ஆறுதல் ஆகாது. ஆனா சாதாரண நாளோட கணக்கு இதுதான்.

நம்ம பக்கத்துலயே இந்தச் சராசரியைத் தாண்டின இடம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சில இருந்து கேரளாவுல சவரா வரைக்கும் கடற்கரை மணல்ல தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கு. 1909-ல ஷோம்பர்க்ங்கிற ஜெர்மானியர், திருவிதாங்கூர்ல இருந்து போன தேங்காய்நார்ல ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிச்சார். தோரியம் அப்ப எதுக்குத் தேவைன்னா, கேஸ் விளக்கு மேண்டிலுக்கு. செந்தில் அமுக்கி உடைப்பாரே, பெட்ரோமாக்ஸ் மேண்டில், அந்த வகைதான்.

அந்தக் கடற்கரையில கருநாகப்பள்ளிப் பகுதியில சில இடங்கள்ல இயற்கைக் கதிர்வீச்சு வருஷத்துக்கு 70 மில்லி கிரே வரை போகும். காமா கதிர் விஷயத்துல மில்லி கிரேயும் மில்லி சீவர்ட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அங்க கிட்டத்தட்ட 70,000 பேரைச் சராசரியா பத்து வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்து, 2009-ல முடிவை வெளியிட்டாங்க. இயற்கைக் கதிர்வீச்சு கூடக் கூடப் புற்றுநோய் கூடினதா அதுல தெரியல. அதனால எவ்வளவு வேணும்னாலும் வாங்கிக்கலாம்னு அர்த்தம் இல்ல. ஆனா எங்க வீட்டு மேடைக் கல் அந்த மணலுக்குப் பக்கத்துலயே வராது.

பெரியம்மாவுக்கு எடுத்த நெஞ்சு சி.டி. ஸ்கேன்ல ஏறத்தாழ 7 மில்லி சீவர்ட். மூணு வருஷ இயற்கைக் கதிர்வீச்சு, ஒரே நாள்ல. அதை எடுத்தது சரிதான், அதுதான் டாக்டருக்கு வழி காட்டுச்சு. 'கதிர்வீச்சு இருக்கா'ங்கிறது கேள்வியே இல்ல. எங்கயும் இருக்கு. எவ்வளவு, எதுக்காகங்கிறதுதான் கேள்வி.

இதெல்லாம் சொல்லிட்டு அம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா அதுவரைக்கும் திண்ணையில உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ஞ்சுக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்திருக்காங்க. அவங்கதான் பேசினாங்க.

"ஏன் எனக்கு வந்துச்சுன்னு டாக்டராலயே சொல்ல முடியல. நீ எதுக்குடி உன் தலையில தூக்கிப் போட்டுக்கிற? கல்லு கெடக்கட்டும், போ."

அம்மா ஒண்ணும் சொல்லல. உள்ள போயி மேடையைத் துடைச்சாங்க. ரொம்ப நேரம் துடைச்சாங்க.

டிக் அடிக்காதது

இதோட முடிச்சிருக்கலாம். ஆனா மீட்டர் கையில இருக்கேன்னு, கொல்லையில இருக்கிற பழைய போர்த் தண்ணியை ஒரு குடத்துல பிடிச்சுப் பக்கத்துல வச்சேன். அதே பேஸ்லைன். மீட்டருக்கு அந்தத் தண்ணியில சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

என் பல்லைப் பார்த்தவங்களுக்கு அதுல சொல்ல நிறைய இருக்கு. முன்பல் ரெண்டுலயும் பழுப்புக் கறை. காலேஜ்ல முதல் வருஷம் "பல்லு தேய்க்க மாட்டியாடா?"ன்னு கேட்டு, என் பேரே மாறிடுச்சு. நாலு வருஷ குரூப் போட்டோல ஒண்ணுலகூட நான் வாயைத் திறந்து சிரிக்கல. இந்த நிகழ்ச்சியை வீடியோவா பண்ணாம ஒலியா மட்டும் ஆரம்பிச்சதுக்கு அதுவும் ஒரு காரணம். இதை இன்னைக்குத்தான் முதல் தடவையா சொல்றேன்.

அது தேய்க்காத கறை இல்ல. ஃபுளோரைடு. யுரேனியமும் பொட்டாசியமும் இருக்கிற அதே பாறைதான். அதுல பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் மாதிரி கனிமங்கள்ல ஃபுளோரைடும் இருக்கு. மழை கம்மி, தண்ணி பாறை இடுக்குல ரொம்ப காலம் தங்கும், கொஞ்சம் கொஞ்சமா அதைக் கரைக்கும். தண்ணியில கால்சியம் குறைவா இருந்தா, ஃபுளோரைடு படியாம தண்ணியிலயே நிக்கும். லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லைன்னா 1.5 வரைக்கும்ங்கிறது இந்தியத் தர அளவு. அதுக்கு மேல போற தண்ணியைக் குழந்தையா இருக்கிறப்ப, ஈறுக்குள்ள பல் உருவாகிற வயசுல குடிச்சா, கறை பல்லோடயே பிறக்கும். பல வருஷம் தொடர்ந்து குடிச்சா எலும்பு இறுகும். எங்க ஆயா கடைசி வருஷங்கள்ல கழுத்தைத் தனியாத் திருப்ப மாட்டாங்க, உடம்போட சேர்த்துத்தான் திரும்புவாங்க. வயசாயிடுச்சுன்னு நினைச்சோம். அது இதுதானான்னு கேட்க இப்ப அவங்க இல்ல.

சென்னை மாகாணத்துல நெல்லூர் பக்கம் இந்த நோய் இருக்குன்னு 1937-லயே மருத்துவர்கள் எழுதிட்டாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குக் காவிரித் தண்ணி கொண்டு வர்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டத்துக்கு 2008-ல அடிக்கல் நாட்டி, ஜப்பான் நிதி உதவியோட சுமார் 1,900 கோடி ரூபாய் செலவுல, 2013-ல தொடங்கி வச்சாங்க. எங்க தெருவுல இப்ப அதுக்கு 'ஒகேனக்கல் தண்ணி'ன்னே பேர். என் அக்கா பையனுக்குப் பல் விழுந்து முளைச்சிடுச்சு. வெள்ளை வெளேர்னு இருக்கு. ஒவ்வொரு தடவை அவன் சிரிக்கிறப்பவும் நான் முதல்ல அதைத்தான் பார்க்கிறேன்.

ஆனா குழாய்த் தண்ணி வராத நாள்ல இன்னும் போர்த் தண்ணியைக் குடிக்கிற வீடு உண்டு. கொதிக்க வச்சாப் போதும்னு நினைக்காதீங்க. கொதிக்க வச்சா கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணி ஆவியாகி மிச்சத்துல அது இன்னும் அடர்த்தியாகும். உங்க ஊர்ல போர்த் தண்ணி குடிக்கிறாங்கன்னா, குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட ஆய்வகத்துல ஒரு பாட்டில் கொடுத்துப் பரிசோதிங்க.

கல்லைப் பத்தி பயமுறுத்துற வீடியோ எங்க வீட்டுக்கு வர ஒரு நாள்கூட ஆகல. தண்ணியைப் பத்தின விஷயம் 1937-ல எழுதினது, நான் பிறந்து, பல் முளைச்சு, கறை பிடிச்ச பிறகும் எங்க தெருவுக்கு வந்து சேரல. ஒரே பாறை. ஒண்ணு சத்தம் போட்டுச்சு, நாங்க சுத்தியலைத் தூக்கினோம். இன்னொண்ணு சத்தமே போடல, நாங்க குடம் குடமாப் பிடிச்சோம்.

மீட்டரைத் திங்கட்கிழமை நண்பன்கிட்டத் திருப்பிக் கொடுத்துட்டேன். கல்லு உடைக்கிறவர் நம்பர் இன்னும் அம்மா போன்ல இருக்கு. கொல்லையில வழியை மறிச்சுக்கிட்டு ஒரு பாறை இருக்கு, அதுக்கு உதவும்னு வச்சிருக்காங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.